பழைய பனியனும் இரட்டைக்குழலும்

உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?

பயப்படாதீர்கள், இது போலீஸ் விசாரணை இல்லை. எங்கள் வீட்டிலும் கிடையாது. கொலுப்படியில் நிற்கிற போலீஸ்கார பொம்மையின் தோளில் ஒன்று தொங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் 2007-லிருந்து மூன்று வருஷம், அநேகமாக எல்லா ஞாயிற்றுக்கிழமையும் காலை எட்டு மணிக்கு, ஒரு நிஜத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன்.

அப்போது ஆதம்பாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தேன். கல்யாணம் ஆகாத பத்திரிகைக்காரனுக்கு வீடு கொடுக்கிற தைரியசாலிகள் சென்னையில் குறைவு. எங்கள் வீட்டுக்காரருக்கு அந்தத் தைரியம் வந்ததற்குக் காரணம், கீழ்ப் போர்ஷனில் இருந்த ஹவில்தார். 'அவர் பார்த்துப்பார்' என்று என்னை உள்ளே விட்டார்.

ஹவில்தாருக்கு வேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். 1968-ல் பட்டாளத்தில் சேர்ந்து, இருபத்து நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். பென்ஷன் வந்தது. அது பெண்ணின் கல்யாணக் கடனுக்குப் போனது. அதனால் ஒரு செக்யூரிட்டி கம்பெனி மூலமாக வங்கிகளில் காவல் வேலை. தெருவுக்கெல்லாம் அவர் ஹவில்தார், எனக்கு 'அண்ணே'. வயதில் பாதிதான் இருப்பேன், ஆனாலும் அவர் கடைசி வரை என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டார்.

இந்த வேலையில் ஒரு விநோதம் உண்டு. வங்கிக் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர் கையில் இருக்கும் துப்பாக்கி பல சமயம் வங்கியுடையதும் இல்லை, கம்பெனியுடையதும் இல்லை. அவருடைய சொந்தத் துப்பாக்கி. சொந்த லைசென்ஸ். சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் சம்பளம் கொஞ்சம் கூடுதல். அதற்காகவே ஹவில்தார் பழைய 12 போர் இரட்டைக்குழல் ஒன்றை வாங்கியிருந்தார்.

12 போர் என்றால் என்ன என்று நான் கேட்டபோது அவர் சொன்ன விளக்கம் இன்னும் மறக்கவில்லை. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாகப் பிடித்தால், ஒரு உருண்டை அந்தக் குழலுக்குள் கச்சிதமாக உட்காரும். விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி ஒரு கணக்கு. மனுஷனைக் கொல்கிற சாமானுக்குக்கூட அளவு சமையலறை பாஷையில்தான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் தினத்தாளை விரிப்பார். (நான் வேலை பார்த்த பத்திரிகைதான். 'உங்க பேப்பர் எண்ணெயை நல்லா இழுக்குது சார்' என்பார். எங்கள் பத்திரிகைக்குக் கிடைத்த உருப்படியான விமரிசனம் அது.) துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் முதல் வேலை, மேலே இருக்கும் நெம்புகோலைத் தள்ளி, குழலை மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று பார்ப்பது. கண்ணால் பார்த்த பிறகு சுண்டுவிரலை விட்டும் பார்ப்பார். முந்தின நாள் ராத்திரி அவரே எடுத்து வைத்ததுதான். இருந்தாலும் பார்ப்பார். தோட்டாக்கள் கீழே அலமாரியில், தனிப் பூட்டில்.

பிறகு குழல், முன்பக்கத்து மரப்பிடி, பின்கட்டை என்று மூன்று பாகமாகக் கழற்றுவார்.

துப்பாக்கிக் கடையில் இதற்கென்றே பெட்டியில் சாமான் விற்கிறார்கள். பித்தளைக் கம்பி, பிரஷ், கம்பளித்துண்டு, வெளிநாட்டு எண்ணெய். அதன் விலை அப்போது அவருடைய நாலைந்து நாள் சம்பளம். ஹவில்தாரின் பெட்டி வேறு. ஒரு பிஸ்கட் டின். உள்ளே, நன்றாகத் துவைத்துக் காய்ந்த பழைய பனியன், உள்ளங்கை அளவுக்குத் துண்டு துண்டாக. பட்டாளத்தில் இதற்குச் 'சிந்தி' என்று பெயராம். ஓய்வுபெற்ற டூத் பிரஷ் இரண்டு. ரேஷன் கடை நீல மண்ணெண்ணெய் கொஞ்சம், மருந்து பாட்டிலில். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சின்னக் குப்பி. கடைசல் கடையில் சொல்லிச் செய்த வழவழப்பான மரக்குச்சி ஒன்று. மொத்தச் செலவு ஐம்பது ரூபாய்க்குள் அடங்கும்.

மண்ணெண்ணெயில் நனைத்த துணி முதலில். அது கரியையும் பழைய பிசுக்கையும் இளக்கும். பிறகு உலர்ந்த துணி, அழுக்கு வருவது நிற்கிற வரைக்கும். கடைசியாக மெஷின் எண்ணெய், ஒரு துணியில் இரண்டு சொட்டு. மண்ணெண்ணெய் ஆவியாகிப் போய்விடும், காவலுக்கு நிற்காது, காவலுக்கு எண்ணெய்தான். அந்த நேரத்தில் மாடியில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது.

'தேங்காய் எண்ணெய் போட்டா என்னண்ணே?' என்று ஒரு முறை கேட்டேன்.

'தலைக்குப் போடுங்க. சாப்பிடற எண்ணெய் எதையும் இதுக்குப் போடக் கூடாது. நாளாக ஆகப் பிசினாயிடும். மார்கழியில உறைஞ்சும் தொலைக்கும்.'

வேறு விதிகளும் உண்டு. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. குழலின் கருநீலப் பூச்சு போய்விடும். வினிகரும் அப்படித்தான். அதிக எண்ணெயும் ஆபத்து. வழிந்துபோய் மரத்தை ஊற வைக்கும், உள்ளே போய்த் தூசியைக் கூட்டிவைத்துக்கொள்ளும். தோலுறையில் போட்டுவைக்கக் கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆயுத பூஜைக்குக் குங்குமம் வைத்தால் கட்டையில் வை, இரும்பில் வைக்காதே.

எல்லாம் முடிந்ததும் குழலை வானத்தைப் பார்க்க நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். எனக்கும் காட்டுவார். உள்ளே வட்ட வட்டமாக வெளிச்சம், கடைசியில் ஒரு காசு அளவுக்கு ஆகாயம். பார்க்க அழகாக இருக்கும். அழகாக இருக்கிறதே என்று கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். 'அண்ணே, பேங்க்ல எத்தனை வருஷமா இருக்கீங்க?'

'பதினோரு வருஷம்.'

'எத்தனை தடவை சுட்டிருக்கீங்க?'

'ஒரு தடவை கூட இல்ல.'

'இனிமே?'

'முருகன் புண்ணியத்துல வேண்டாம்.'

'அப்புறம் எதுக்கு வாராவாரம் இந்தப் பாடு?'

அவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை. நான் கேட்டது கேலியாக. ஆனால் கேள்வி கேலியானது இல்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. உபயோகிக்கவே கூடாது என்று வேண்டிக்கொள்கிற ஒரு சாமானை, உபயோகத்துக்கு முழுத் தயாராக வைத்திருப்பது என்ன மாதிரி தர்மம்? வேண்டாம் என்றால் தூக்கி எறிந்துவிடு. வேண்டும் என்றால் ஒப்புக்கொள். நடுவில் நின்றுகொண்டு பனியன் துணியால் துடைத்துக்கொண்டிருப்பது பாசாங்கு இல்லையா?

நான் பி.காம். படித்தவன். பத்திரிகைக்கு வந்த பிறகு அந்தப் படிப்பு சம்பள ஸ்லிப்பைப் படிக்க மட்டுமே உதவியது என்று நினைத்திருந்தேன். ஆனால் ஹவில்தாரின் துப்பாக்கியைப் புரிந்துகொள்ள அக்கவுண்டன்சி பாடம் ஒன்று கைகொடுத்தது. பாலன்ஸ் ஷீட்டில் சொத்து ஒரு பக்கம், கடன் ஒரு பக்கம் என்று எழுதுவோம். இரண்டிலும் சேராத சமாசாரம் ஒன்று உண்டு. யாரோ வாங்கிய கடனுக்குக் கம்பெனி ஜாமீன் கொடுத்திருக்கும். கோர்ட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கும். பணம் கட்டவேண்டி வரலாம், வராமலும் போகலாம். அதைக் கணக்கின் கீழே அடிக்குறிப்பாக எழுத வேண்டும். தமிழில் 'நிகழத்தக்க பொறுப்பு' என்று சொல்லலாம். நிகழவே கூடாது என்றுதான் எல்லோரும் விரும்புவார்கள். அதற்காக எழுதாமல் விட்டால் அது மோசடி.

துப்பாக்கி அப்படி ஒரு அடிக்குறிப்பு. அதைத் துடைப்பது என்பது, 'இது இங்கே இருக்கிறது, இதனால் இன்னது ஆகும்' என்று வாரத்துக்கு ஒரு தரம் தனக்குத்தானே எழுதிக் கையெழுத்துப் போடுவது.

அடிக்குறிப்பை எழுதாமல் விட்டவர்களின் கதை சரித்திரத்தில் இருக்கிறது.

1857 ஜனவரி. கல்கத்தா பக்கத்தில் டம்டம். புதிய என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் தடவியிருப்பது மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று சிப்பாய்களிடையே பேச்சு பரவியது. தோட்டாவின் முனையை வாயால் கடித்துப் பிய்க்க வேண்டும். குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போக ஏதாவது ஒரு பசை தேவை, அவ்வளவுதான். அது எதிலிருந்து வந்த பசை என்று மேலே இருந்தவர்கள் யோசிக்கவில்லை. அது அவர்கள் வாய்க்குப் போகிற பசை இல்லையே! பேச்சு கிளம்பியதும், அந்த மாதக் கடைசியிலேயே, 'பசை தடவாத தோட்டா தருகிறோம், மெழுகோ எண்ணெயோ உங்களுக்கு எது சம்மதமோ நீங்களே தடவிக்கொள்ளுங்கள்' என்று இறங்கி வந்தார்கள். வீட்டுச் சாமானிலேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் சந்தேகம் முந்திக்கொண்டுவிட்டது. மார்ச் 29-ல் பாரக்பூரில் மங்கள் பாண்டே, மே 10-ல் மீரட். அந்தக் கிளர்ச்சிக்கு நிலம், வரி, சம்பளம் என்று ஆழமான காரணங்கள் நிறைய உண்டு. தீக்குச்சி மட்டும் துப்பாக்கிக்குத் தடவுகிற பசையிலிருந்து வந்தது.

இன்னொன்று வியட்நாம். அமெரிக்கச் சிப்பாய்களுக்கு 1960-களின் நடுவில் எம்-16 என்கிற புது ரைஃபிளைக் கொடுத்தார்கள். இதற்குச் சுத்தம் செய்கிற வேலை அதிகம் இல்லை என்று ஒரு பேச்சு. துடைக்கிற சாமானும் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. வெடிமருந்தின் வகையை வேறு மாற்றியிருந்தார்கள்; அது அதிகக் கரி விட்டது. தோட்டா உட்காரும் அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை; ஈரக் காட்டில் துரு ஏறியது. சண்டைக்கு நடுவில் துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டன. பிள்ளைகள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். 1967-ல் ரிச்சர்ட் ஐகார்ட் தலைமையில் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று விசாரித்தது. அதன் பிறகு குரோமியப் பூச்சு வந்தது, துடைக்கிற சாமான் வந்தது, 1968-ல் வில் ஐஸ்னர் படம் வரைந்த ஒரு படக்கதைப் புத்தகமே வந்தது, எப்படித் துடைப்பது என்று. பூச்சிலும் பிரஷ்ஷிலும் மிச்சம் பிடித்த டாலரை ஏதோ ஒரு கணக்குப்பிள்ளை வரவு வைத்திருப்பார். செலவு காட்டில் இருந்த பையன்களின் கணக்கில் எழுதப்பட்டது.

இரண்டு கதையிலும் ஒன்றுதான் நடந்தது. துப்பாக்கியைக் கொடுத்தவன் குழலுக்குள் கண் வைத்துப் பார்க்கவில்லை.

சரி, 'அப்படியானால் சுத்தமான துப்பாக்கி வைத்திருப்பவன் எல்லாம் உத்தமனா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கூலிக்குக் கொலை செய்கிறவனும் துடைத்துத்தான் வைத்திருப்பான், ஹவில்தாரைவிட நன்றாகவே. துடைப்பது தானாகப் புண்ணியம் ஆகிவிடாது. இன்னும் ஒரு படி மேலே போய், துடைக்கத் துடைக்கப் பிரியம் வரும், பிரியம் வந்தால் ஒரு நாள் உபயோகிக்கக் கை துறுதுறுக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. குழலுக்குள் அந்த வட்ட வெளிச்சத்தைப் பார்த்து எனக்கே ஒரு கணம் ஆசையாக இருந்ததே.

இதற்கு எனக்குப் பதில் கிடைத்தது 2009-ல். அந்தப் பதிலில் என் பங்கும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

அந்த வருஷம் ஒருநாள் மத்தியானம், புறநகரில் ஒரு வங்கிக் கிளை. நகைக்கடன் வாங்கிய ஒருவர் ரசீதோடு வந்திருக்கிறார். நகை ஏலத்தில் போய்விட்டது என்று கவுண்ட்டரில் சொன்னார்கள். நோட்டீஸ் அனுப்பினோம் என்றது வங்கி. எனக்கு வரவில்லை என்றார் அவர். பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம். கொஞ்ச நேரம் கெஞ்சியிருக்கிறார், பிறகு கத்தியிருக்கிறார், பிறகு ஒரு ஸ்டூலைத் தூக்கிக் கண்ணாடித் தடுப்பில் அடித்துவிட்டார். கண்ணாடி சிதறி உள்ளே இருந்த ஒரு கிளார்க் அம்மாவுக்கு நெற்றியில் காயம், நாலு தையல். மேனேஜர் காவலாளியைப் பார்த்து, 'துப்பாக்கி எதுக்குய்யா வச்சிருக்கே?' என்று அலறினார்.

காவலாளி செய்தது இது. துப்பாக்கியை மடக்கித் திறந்தார். இரண்டு தோட்டாவையும் வெளியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திறந்த துப்பாக்கியைக் கவுண்ட்டருக்குப் பின்னால் வைத்தார். வெறுங்கையோடு போய் அந்த மனிதரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தரையில் உட்கார வைத்தார். போலீஸ் வருகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தார்.

அன்று ராத்திரி நான் டெஸ்க்கில் இருந்தேன். செய்தி போனில் வந்தது. வங்கித் தரப்பில் ஒருவர் பேசினார், நான் எழுதிக்கொண்டேன். எடிஷன் முடிகிற நேரம். வேறு யாரிடமும் கேட்கவில்லை. நாலு பத்தி. 'துப்பாக்கியுடன் வேடிக்கை பார்த்த காவலாளி' என்று தலைப்புக் கொடுத்தேன். தலைப்பு நன்றாக இருக்கிறது என்று நியூஸ் எடிட்டர் பாராட்டினார். அந்தக் கிளையில் யார் காவல் என்று எனக்குத் தெரியாது. கம்பெனிக்காரர்கள் அந்த மாதம் ஹவில்தாரை அங்கே மாற்றியிருந்தார்கள் என்பதும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனேன். வழக்கம்போல் பேப்பர், பிஸ்கட் டின், மூன்று பாகமாகத் துப்பாக்கி. 'வேலை போயிடுச்சு சார்' என்றார், துணியை இழுத்துக்கொண்டே. கம்பெனியில் அந்தச் செய்தியை வெட்டி அவர் முன்னால் போட்டார்களாம். எங்களுக்கு மானம் போச்சு என்றார்களாம்.

நடந்ததை எல்லாம் அன்றுதான் சொன்னார். நான் கேட்டேன், என் குரல் எனக்கே சரியாக இல்லை: 'சும்மா நீட்டி மிரட்டியிருக்கலாமேண்ணே? சுட வேண்டாம், நீட்டினாலே நின்னிருப்பானே?'

'சுடப் போறதில்லன்னா நீட்டக் கூடாது சார். நான் நீட்டிட்டேன்னா அடுத்தது என் கையில இல்ல, அவன் கையில. அவன் ரெண்டு அடி முன்னால வந்தான்னா நான் என்ன பண்றது?'

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: 'வேற ஒருத்தரா இருந்தா நீட்டியிருப்பாரு. இது எங்க சுடப் போவுதுன்னு நினைச்சிருப்பாரு. இது சுடும்னு எனக்குத் தெரியும் சார். வாராவாரம் பாக்கறேன்ல?'

என் கேலிக் கேள்விக்கு அப்போதுதான் பதில் வந்தது. துருப்பிடித்த துப்பாக்கியோடு இருப்பவன் அகிம்சாவாதி இல்லை. தன் கையில் இருப்பது என்னவென்று தெரியாதவன், அவ்வளவுதான். அவன் அதைத் தடிபோல ஆட்டுவான், பூச்சாண்டி காட்டுவான். 'காலித் துப்பாக்கிதான் ஆளைக் கொல்லும்' என்பார் ஹவில்தார். காலி என்று நம்பி விளையாடியதில்தான் விபத்து வரும் என்று அர்த்தம். கோபத்தைப் பற்றி வள்ளுவரும் இதைத்தான் கேட்கிறார்: செல்லுபடியாகிற இடத்தில் அடக்குகிறவன்தான் அடக்குகிறவன், செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன? சுடாத துப்பாக்கியைச் சுடாமல் வைத்திருப்பதில் ஒரு தர்மமும் இல்லை.

கூலிக்காரனும் ஹவில்தாரும் ஒரே துணியால் துடைக்கலாம். வித்தியாசம் துடைப்பதில் இல்லை. எதற்காகத் தெரிந்து வைத்திருக்கிறாய் என்பதில் இருக்கிறது. ஒருவனுக்கு 'இது சுடும்' என்பது தைரியம். இன்னொருவருக்கு அதுவே பயம். அந்தப் பயம் உள்ளவரிடம்தான் துப்பாக்கி இருக்கலாம்.

இதைக் கதைபோல இங்கேயே முடித்தால் சுகமாக இருக்கும். ஆனால் நாலு தையல் போட்டுக்கொண்ட அந்த அம்மா இருக்கிறார். கண்ணாடி உடைவதற்கு முன்னாலேயே, அந்த ஆள் கத்தத் தொடங்கியபோதே காவலாளி எழுந்து பக்கத்தில் போயிருந்தால் காயம் பட்டிருக்காதே என்று அவர் கேட்டால், அது நியாயம். ஹவில்தாரிடமே கேட்டேன். 'அந்த அம்மா விஷயத்துல நான் பண்ணது சரியான்னு எனக்கு இன்னும் தெரியல' என்றார். 'அவன் அழுதுகிட்டிருந்தான். அழறவன் அடிப்பான்னு தோணல.' நிதானத்துக்கும் ஒரு விலை உண்டு. சில சமயம் அதைப் பக்கத்தில் இருப்பவர் நெற்றியில் கொடுக்கவேண்டி வருகிறது. அதை மறைத்துவிட்டு நிதானத்தைப் புகழ எனக்கு உரிமை இல்லை.

இப்போது என் கணக்கு.

செய்தியை எழுதியது நான்தான் என்று அன்று சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. அதற்குப் பதில் வேறொன்று செய்தேன். ஜனவரி 15, ராணுவ தினத்துக்கு, ஓய்வுபெற்ற வீரர்கள் வங்கி வாசல்களில் எப்படிக் கண்ணியமாக உழைக்கிறார்கள் என்று அரைப்பக்கக் கட்டுரை எழுதினேன். உருக்கமாக இருந்தது. வாசகர் கடிதங்கள் வந்தன. ஹவில்தாரும் படித்துவிட்டு, 'நல்லா எழுதியிருக்கீங்க சார்' என்றார்.

அவர் முன்பே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த ஒரு பாடம் அப்போதுதான் உறைத்தது. பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் அவருக்குப் பயிற்சி .303 ரைஃபிளில். கட்டையின் அடியில் பித்தளை மூடி போட்ட ஒரு பொந்து, அதற்குள் எண்ணெய்க் குப்பியும், 'புல்த்ரூ' என்கிற கயிறும். சுட்டுவிட்டு வந்ததும் எல்லோரும் முதலில் எண்ணெயைத்தான் தேடுவார்களாம். உஸ்தாத் உதைப்பாராம். முதலில் லங்கரிலிருந்து கொதிக்கிற வெந்நீர் கொண்டுவந்து குழலில் ஊற்ற வேண்டும். பிறகு உலர்த்த வேண்டும். அப்புறம்தான் எண்ணெய்.

காரணம் ரசாயனம். அந்தக் காலத்து ராணுவத் தோட்டாக்களின் பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்த பிறகு அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். நம் சமையல் உப்புக்குச் சொந்தக்காரன். காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நேராக எண்ணெய் பூசினால் மேலே பளபளக்கும், அடியில் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். 'பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும் சார், ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா குழி குழியா இருக்கும்' என்று சொல்லியிருந்தார்.

ராணுவ தினக் கட்டுரை எண்ணெய். நான் ஊற்றாதது வெந்நீர்.

அடுத்த ஞாயிறு சொல்லிவிட்டேன். 'அந்தச் செய்தி நான் எழுதினதுண்ணே.' அவர் குச்சியை இழுப்பதை நிறுத்தவில்லை. முடித்துவிட்டு, துணியைப் பார்த்துவிட்டு, 'தப்பா இருந்தா திருப்பிப் போடுவீங்கள்ல?' என்று மட்டும் கேட்டார். போடுகிறேன் என்றேன். ஆபீஸில் கேட்டேன். 'ரெண்டு மாசத்துச் செய்தியை இப்ப யாருய்யா ஞாபகம் வச்சிருக்காங்க?' என்றார்கள். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவருக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது, சம்பளம் குறைவு. 2010-ல் நான் வீடு மாறினேன். சில வருஷம் முன்பு அவர் காலமானதாக மகன் போனில் சொன்னார். லைசென்ஸ் அவரோடு முடிந்துவிட்டது. துப்பாக்கியை முறைப்படி ஒப்படைத்தபோது, வாங்கிய ஆள் குழலைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, 'யாரு சார் இதை வச்சிருந்தது?' என்று கேட்டாராம்.

எனக்கும் ஒரு சாமான் இருக்கிறது, வாரத்துக்கு ஒரு தடவை உங்கள் முன்னால் அதை எடுக்கிறேன். அதற்கு லைசென்ஸ் இல்லை, ரசீது இல்லை. அது சுடும் என்று தெரியாமல்தான் அன்று ராத்திரி நாலு பத்தியில் ஆட்டினேன். உங்களிடமும் ஏதாவது ஒன்று இருக்கும். சம்பளப் பதிவேட்டில் போடும் சிவப்பு மையாக இருக்கலாம், பிள்ளையை ஒரே வார்த்தையில் குறுக வைக்கிற நாக்காக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தரம் திறந்து, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள்.

குழி விழுந்த பிறகு வெந்நீர் ஊற்றினால் குழி நிரம்பாது. மேற்கொண்டு விழாமல் இருக்கும், அவ்வளவே. பதினைந்து வருஷத்துக்கு மேல் தாமதமாக, வேறு பத்திரிகையில், படிக்கவேண்டியவர் படிக்க முடியாத நேரத்தில், அந்தத் திருத்தத்தைப் போடுகிறேன்:

2009-ல் ஒரு வங்கியில் நடந்த சம்பவம் பற்றி நான் எழுதிய செய்தி தவறு. அந்தக் காவலாளி வேடிக்கை பார்க்கவில்லை.